மாற்றுக் கருத்துக்கும் ஒரு மேசை

1969-ஆம் ஆண்டு அமெரிக்க ஒலியியல் ஆய்விதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் ஜான் பியர்ஸ். பெல் ஆய்வகத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர். செயற்கைக்கோள் வழித் தகவல்தொடர்பின் முன்னோடிகளில் ஒருவர். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கிறோம் என்று கிளம்பியவர்களை அந்தக் கடிதத்தில் அவர் வெளுத்து வாங்கியிருந்தார். கடலிலிருந்து தங்கம் எடுத்துத் தருகிறேன் என்பவர்களுக்குப் பணம் கொட்டுவதைப் போலத்தான் இவர்களுக்கும் கொட்டுகிறது, இதில் அறிவியல் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பெல் ஆய்வகத்தில் இந்த ஆய்வு சில காலம் நின்றே போனது. அதே 1969-இல், அதே வேலையை வாழ்நாள் வேலையாக வரித்துக்கொண்ட 32 வயது ஆய்வாளர் ஒருவர் ஸ்டான்ஃபர்டை விட்டு, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார். அவர் ராஜ் ரெட்டி. 25 ஆண்டுகள் கழித்து, கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது அவருக்கும் எட்வர்டு ஃபைகன்பாமுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

ரெட்டியைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்று சொல்லப்படும். கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை உலகப் புகழ் பெற்றார் என்பது ஒன்று. பேச்சறியும் கருவிகளின் தந்தை என்பது இன்னொன்று. முதல் கதை உண்மைதான், ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. இரண்டாவது பாதி உண்மை. ரெட்டி தானே நம்பி வளர்த்த முறை இன்று நம் கைபேசியில் இல்லை. அங்கே இருப்பது அவருடைய முறைக்கு எதிராக நின்ற தரப்பின் வாரிசு. அந்த எதிர்த்தரப்பின் முக்கியமான கிளை ஒன்று அவருடைய துறையிலேயே, அவருடைய மாணவர்கள் கையால், அவர் தேடிக் கொடுத்த நிதியில் வளர்ந்தது. ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை மதிப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தன் கருத்து தோற்கக்கூடிய பரிசோதனைக்குத் தானே இடமும் பணமும் கொடுத்ததுதான் ரெட்டியின் தலையாய பங்களிப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரெட்டி 1937 ஜூன் 13-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்தார். 1958-இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படிப்பை முடித்தார். மேற்படிப்புக்குச் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் போனார். அங்கே வால்வுகளால் இயங்கிய டியூஸ் வகைக் கணினி ஒன்று இருந்தது. கட்டுமானக் கணக்குப் போட வந்தவர் கணினியின் பக்கம் திரும்பியது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் சுமார் 3 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஸ்டான்ஃபர்டு சென்றார். செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பெயர் சூட்டிய ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பேச்சின் ஒலியலையை நேரடியாகப் பகுத்தாய்ந்து கணினியால் பேச்சை அறிவது எப்படி என்பதே ஆய்வேட்டின் பொருள்.

அது ஏன் அவ்வளவு கடினம் என்று தமிழிலேயே பார்க்கலாம். பேச்சு வழக்கில் ஒருவர் 'வந்தா' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அவ நேத்தே வந்தா' என்றால் அது வந்தாள். 'அவ வந்தா சொல்லு' என்றால் அது வந்தால். காதில் விழும் ஒலி இரண்டிலும் ஒன்றுதான். நாம் குழம்புவதில்லை, ஏனென்றால் அடுத்து வரும் சொல், வாக்கியத்தின் போக்கு, யாரைப் பற்றிய பேச்சு எல்லாம் சேர்ந்து நமக்குள் முடிவெடுத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, எழுத்தில் இருப்பதுபோலப் பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதையும் கேட்பவர்தான் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரே சொல்லை ஒரே ஆள் இருமுறை சொன்னாலும் ஒலியலை ஒன்றாக இருப்பதில்லை. சளி பிடித்திருக்கலாம், அவசரத்தில் இருக்கலாம். ஆக, ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்துவிட முடியாது. பியர்ஸின் அவநம்பிக்கைக்கும் இதுதான் அடிப்படை. மொழியும் உலகமும் தெரியாத எந்திரம் பேச்சை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அப்படியானால் மொழியறிவையும் உலக அறிவையும் கணினிக்குள் எழுதி வைத்துவிடலாம் என்பது ரெட்டியின் பதில். 1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்பா (பின்னாளில் டார்பா) பேச்சறிதலுக்காக 5 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. திட்டத்துக்கான இலக்குகளை வகுத்த குழுவுக்குத் தலைவர், கார்னகி மெல்லனின் ஆலன் நியூவெல். இலக்குகள் துல்லியமாக இருந்தன: 1,000 சொற்கள், இடைவெளி விடாத இயல்பான பேச்சு, பொருள் பிழை நூற்றுக்குப் பத்துக்கும் கீழ். கெடு 1976. இதற்காகக் கார்னகி மெல்லனில் ஒன்றல்ல, அடிப்படையிலேயே வேறுபட்ட பல கருவிகள் எழுந்தன. ரெட்டியின் சொந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றது ஹியர்சே. அதன் முதல் வடிவம் சதுரங்கக் காய்களை வாய்ச்சொல்லால் நகர்த்தச் சொல்லும் கட்டளைகளைப் புரிந்துகொண்டது. இரண்டாவது வடிவத்தில் 'கரும்பலகை' என்ற ஏற்பாடு முழுமை பெற்றது. ஒலியை அறிந்த நிரல் ஒன்று, அசையை அறிந்தது ஒன்று, சொல்லுக்கு ஒன்று, வாக்கிய அமைப்புக்கு ஒன்று என்று தனித்தனி வல்லுநர் நிரல்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு பலகை. ஒலி நிரல் தன் ஊகத்தை அதில் எழுதும். சொல் நிரல் அதைப் பார்த்து 'இது வந்தாள் ஆகலாம், வந்தால் ஆகலாம்' என்று இரண்டையும் எழுதும். இலக்கண நிரல் பின்னால் வந்து ஒன்றை வலுவாக்கும், மற்றதை மங்கச் செய்யும். யாரும் யாருக்கும் அதிகாரி கிடையாது. பேச்சறிதலைத் தாண்டி வேறு பல துறைகளுக்கும் பரவிய நேர்த்தியான வடிவம் அது.

அதே கட்டடத்தில் ஜேம்ஸ் பேக்கர் என்ற ஆய்வு மாணவர் முற்றிலும் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய டிராகன் கருவியில் வல்லுநர் நிரல் என்று எதுவும் இல்லை. ஒலி, சொல், வாக்கியம் எல்லாமே நிகழ்தகவுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. இந்த ஒலிக்குப் பின் இன்னொன்று வர எத்தனை வாய்ப்பு, இந்தச் சொல்லுக்குப் பின் அந்தச் சொல் வர எத்தனை வாய்ப்பு என்று கணக்கிட்டு, எல்லாப் பாதைகளிலும் மிக வாய்ப்புள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அதன் வேலை. மொழியியலாளரின் அறிவுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. ஹியர்சேயின் மனிதச் சாயலோடு ஒப்பிட்டால் டிராகன் வெறும் கணக்குப் பிள்ளை. மூன்றாவதாக வந்தவர் புரூஸ் லோவெர். அவர் இரண்டையும் கலந்தார். ஹியர்சேக்காகத் திரட்டிய மொழியறிவை எடுத்து, பேச வாய்ப்புள்ள எல்லா வாக்கியங்களையும் முன்கூட்டியே ஒரே வலையாகப் பின்னி வைத்தார். பேச்சு வரும்போது அந்த வலையின் பாதைகளை எல்லாம் துழாவாமல், ஒவ்வொரு கணமும் முன்னணியில் உள்ள சில பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டார். ஹார்பி என்ற அந்தக் கருவி 1976-இல் 1,011 சொற்களோடு, 5 விழுக்காடு பொருள் பிழையோடு இலக்கைக் கடந்தது. திட்டத்தில் பங்கேற்ற மற்றக் கருவிகள் அந்த அளவுக்கு வரவில்லை. ரெட்டியின் செல்லப் பிள்ளையான ஹியர்சேயும் பின்தங்கியது.

இந்த முடிவை ரெட்டி மூடி மறைக்கவில்லை, நியாயப்படுத்தித் திரிக்கவும் இல்லை. அடுத்த கட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1976-க்குப் பின் ஆர்பா அந்தத் திட்டத்தைத் தொடரவில்லை. ஹார்பி இலக்கைத் தொட்டிருந்தாலும், அது புரிந்துகொண்ட மொழி மிகக் குறுகியது, ஒரு நொடிப் பேச்சுக்கு அன்றைய கணினிக்குப் பல நொடிகள் பிடித்தன. 1980-களில் நிதி மறுபடி வந்தபோதும் ரெட்டியின் சாய்வு அறிவை எழுதி வைக்கும் முறையின் பக்கமே இருந்தது. அப்போது கை-ஃபூ லீ என்ற மாணவர் நிகழ்தகவு வழியில்தான் போகப்போகிறேன் என்று வந்து நின்றார். உன் வழியை நான் ஏற்கவில்லை, ஆனால் உனக்கு ஆதரவாக இருப்பேன் என்ற பொருளில் ரெட்டி தனக்குப் பதில் சொன்னதாக லீ பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். வாய்வார்த்தையோடு நிற்கவில்லை, அந்த முறைக்குத் தேவைப்பட்ட கணினிகளும் பேச்சுப் பதிவுகளும் லீக்குக் கிடைத்தன. 1988-இல் வந்த ஸ்பிங்க்ஸ், முன்பின் கேட்டிராத குரலிலும் இயல்பான பேச்சை, ஏறக்குறைய 1,000 சொற்கள் கொண்ட சோதனையில், வாக்கிய வரையறையின் துணையோடு நூற்றுக்கு 96 சொற்கள் சரியாக அறிந்தது. குரலைப் பழக்கப்படுத்தத் தேவையே இல்லை என்று காட்டியது அது. அறிவு முறைக்கும் நிகழ்தகவு முறைக்கும் நடந்த வழக்கு ஏறக்குறைய அத்துடன் முடிந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். வென்ற யோசனை எதுவும் ரெட்டியுடையது இல்லையே! நிகழ்தகவுக் கணக்கை ஜேம்ஸ் பேக்கர் கார்னகி மெல்லனுக்கு வெளியே கற்று வந்தார். அதே காலத்தில் ஐ.பி.எம்.மில் ஃபிரெடரிக் ஜெலினெக்கின் குழுவும் தனியே அதே பாதையில் முன்னேறிக்கொண்டிருந்தது. ரெட்டி இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஐ.பி.எம். ஒரே வழியில் நம்பிக்கை வைத்து அதிலேயே போனது. இரண்டு வழிகளையும் ஒரே சோதனையில், ஒரே அளவுகோலில் நிறுத்தி, எது எங்கே சறுக்குகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு பிட்ஸ்பர்க்கில்தான் இருந்தது. ஹார்பி பிறந்ததே அந்த அருகாமையால்தான். இரண்டு மாறுபட்ட கருவிகளின் உள்விவரமும் தெரிந்த ஒருவரால்தான் அவற்றின் நல்ல பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சேர்க்க முடியும். முன்னணிப் பாதைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஹார்பியின் உத்தி பின்னால் வந்த பேச்சறியும் கருவிகளில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இன்னொரு ஆட்சேபணையும் உண்டு: இந்தத் தாராளம் ரெட்டியின் தனிக்குணமா, அல்லது ஆலன் நியூவெலும் அவருடைய சகா ஹெர்பர்ட் சைமனும் அந்தத் துறையில் ஊன்றிய பழக்கமா? இதற்கு என் பதில், இரண்டும்தான். அதே வளாகத்தில் ஹான்ஸ் பெர்லினரின் ஹைடெக், ஃபெங்-ஹ்சியுங் ஹ்சூவின் டீப் தாட் என்று இரண்டு சதுரங்கக் கருவிகள் போட்டி போட்டதும், இரண்டாவது ஐ.பி.எம்.முக்குப் போய் 1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூவாக வளர்ந்ததும் ரெட்டியால் நடந்தவை அல்ல. ஆனால் பழக்கம் என்பது தானாக நீடிப்பதில்லை. தன் பெயரும் மதிப்பும் பணயமாக இருக்கும் இடத்திலும் அதைக் கைவிடாமல் இருக்க ஒருவர் வேண்டும்.

இன்னும் கடினமான கேள்வி பணத்தைப் பற்றியது. ரெட்டியின் பேச்சாய்வு பெரும்பாலும் ராணுவத் துறையின் நிதியில் நடந்தது. ஸ்பிங்க்ஸின் சோதனைச் சொற்களே கடற்படைக் கப்பல்களைப் பற்றிய கேள்விகளிலிருந்து எடுத்தவை. அன்றைய அமெரிக்காவில் கணினி ஆய்வுக்குப் பெரும்பணம் வேறெங்கும் இல்லை என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட முடியாது. யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்களின் தேவைகளே ஆய்வின் கேள்விகளாக மாறும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் இந்த வழக்கில் இரண்டு விஷயங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். முடிவுகள் வெளிப்படையாக வெளியாயின. தோல்வியும் சேர்த்தே வெளியானது. பிற்பாடு, 2000-இல், ஸ்பிங்க்ஸின் நிரலே யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. தமிழில் பேச்சறியும் கருவி செய்ய முயன்ற ஆய்வு மாணவர்கள் பலர் அந்த நிரலைத்தான் எடுத்துப் பழகினார்கள். ராணுவத்தின் பெட்டிக்குள் பூட்டிய அறிவாக அது இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ரெட்டி ஆய்வாளர் என்பதைவிட நிர்வாகிதான் என்று சிலர் குறைத்துப் பேசுவதும் உண்டு. 1979-இல் கார்னகி மெல்லனின் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். 1991 முதல் 1999 வரை கணினி அறிவியல் பள்ளியின் டீனாக இருந்தார். இந்தப் பொறுப்புகளைக் குறையாக எண்ணத் தேவையில்லை. ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் நேவ்லேப் வண்டிகளில் ஒன்று 1995-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து கலிபோர்னியாவின் சான் டியாகோ வரை போனபோது, தூரத்தில் 98 விழுக்காடு ஸ்டியரிங்கைக் கணினியே பிடித்தது. பத்து, பதினைந்து ஆண்டுகள் பலன் தெரியாத வேலைக்குத் தொடர்ந்து நிதி திரட்டுவதும், ஆட்களைச் சேர்ப்பதும், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுவதும் ஆய்வின் பகுதிகளே. நம் பல்கலைக்கழகங்களில் வழிகாட்டியின் கருத்துக்கு மாறாக ஆய்வேடு எழுதும் மாணவர் எத்தனை பேர் என்று யோசித்தால் இதன் அருமை விளங்கும்.

ஆனால் ரெட்டியின் வாழ்க்கையில், மாற்றுக் கருத்தோடு மோதவிட்டுச் சோதிக்கும் இந்த முறை எல்லா இடத்திலும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். கணினியால் அதிகம் பயன்பெற வேண்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள் என்பது அவருடைய நீண்டநாள் உறுதி. பேச்சறிதலில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எழுத்து தெரியாதவருக்கு வாய்ச்சொல்தானே விசைப்பலகை! 1980-களின் தொடக்கத்தில் இதே நோக்கத்தோடு பாரிஸில் பிரெஞ்சு அரசு அமைத்த கணினியியல் உலக மையத்தில் தலைமை விஞ்ஞானியாகப் பணிபுரிந்தார். 1984-இல் அதிபர் மித்தராண்ட் அவருக்கு லீஜியன் டி ஹானர் விருது வழங்கினார். ஆனால் அந்த மையம் 1986-இல் மூடப்பட்டது. பேச்சுத் திட்டத்தில் இருந்ததுபோல '1,000 சொல், 10 விழுக்காடு' என்று சோதித்துப் பார்க்கக்கூடிய இலக்கு அங்கே இல்லை. நோக்கம் பெரிதாக இருந்தது. தோற்றோமா வென்றோமா என்று அறியும் வழி இல்லை.

பத்து லட்சம் நூல் திட்டத்தில் கதை வேறு மாதிரி. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவையும் சீனாவையும் இணைத்துக்கொண்டு, நூலகங்களில் உள்ள புத்தகங்களை ஸ்கேன் செய்து இலவசமாகக் கொடுக்க ரெட்டி முனைந்தார். 2007 வாக்கில் 15 லட்சம் நூல்கள் சேர்ந்துவிட்டன. அதன் இந்தியக் கிளையான இந்திய மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஏராளம் இருந்தன; மறுபதிப்பே காணாத புத்தகங்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. அதற்காக நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதே சமயம், அதில் தமிழ் நூல் ஒன்றைத் தேடியவர்களுக்குப் பட்ட பாடு தெரியும். தலைப்புகள் ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக, சில சமயம் அடையாளமே தெரியாதபடி உள்ளிடப்பட்டிருந்தன, பக்கங்கள் விடுபட்டிருந்தன. இங்கே இலக்கு இருந்தது, ஆனால் அது எண்ணிக்கை மட்டுமே. எண்ணிக்கையைத் தொட்டார்கள். தேடுபவருக்குக் கிடைத்ததா என்று அளக்க யாரும் அமர்த்தப்படவில்லை. இன்னொரு முறையில் பட்டியலிட்டுப் பார்க்கும் போட்டிக் குழுவும் இருக்கவில்லை. பேச்சறிதலில் ஹார்பி செய்த வேலையை இங்கே செய்ய ஆளில்லை.

2008-இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் வேந்தர் ரெட்டி. பாசர், நூஜிவீடு, இடுபுலபாயா என்று மூன்று வளாகங்கள், மூன்றும் பெருநகரங்களுக்கு வெளியே. பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்து மாணவர்களை, குறிப்பாக அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெற்றவர்களை, நுழைவுத்தேர்வு இல்லாமல் மதிப்பெண் அடிப்படையில் எடுத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிக்கணினி கொடுத்து, 6 ஆண்டுகளில் பொறியாளராக்குவது ஏற்பாடு. பதினைந்து வயதில் கோச்சிங் வகுப்புக்குப் பணம் இல்லாததால் வடிகட்டப்படும் பிள்ளைகளை அதற்கு முன்பே தூக்கி எடுத்துவிடுவது நல்ல யோசனை. நுழைவுத்தேர்வைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் வாதங்களுக்கும் இது நெருக்கமானது. ஆனால் இதை நாம் இன்னும் ரெட்டி தன் கருவிகளைச் சோதித்த விதத்தில் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரே மதிப்பெண் பெற்று வேறு கல்லூரிகளுக்குப் போன மாணவர்களோடு இவர்களை ஒப்பிட வேண்டும். இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்றும் எழுதி வைக்க வேண்டும். ஆங்கிலவழி வகுப்புக்கு நேரடியாகத் தூக்கி வைத்தது உதவியதா, உதைத்ததா என்றும் பார்க்க வேண்டும். 2014-க்குப் பின் ஒரு வளாகம் தெலங்கானாவிலும் மற்றவை ஆந்திரத்திலுமாகப் பிரிந்து, தனித்தனி நிர்வாகங்களின் கீழ் நடக்கின்றன. ஒரே விதையிலிருந்து முளைத்து வேறு வேறு கைகளில் வளரும் இரண்டு நிறுவனங்களை ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க இதைவிட வசதியான சூழல் அமையாது. அந்த ஒப்பீட்டை இரண்டு மாநிலக் கல்வித் துறைகளும் நாளைக்கே தொடங்கலாம்.